காசு தருபவர் யார்?

நெல்லியடி
18.10.2025

அன்புள்ள தம்பி,

  

நீயும் கூட்டாளிகளும் தமிழ் ஆக்களுக்கென்று ஓர் உலாவி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு எனக்கு நல்ல சந்தோசம். ஆனால் “முதலில் சும்மா கொடுப்பம், காசுக்கு வழியைப் பிறகு பாப்பம்” என்றாயே, அது மனதை அரிக்கிறது. நீங்கள் விட்டுவைக்கும் அந்தக் கேள்விக்குக் கை முடையான நேரத்தில் வேறு யாராவது வந்து பதில் சொல்லுவார்கள். அந்தப் பதில் அனேகமாகப் பாவிப்பவர்களின் தகவலை விற்பதாகத்தான் இருக்கும்.

பயர்பொக்ஸ் உலாவியை எடுத்துக்கொள். இலாப நோக்கில்லாத மொசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமானது. இருந்தும் அதன் வருமானத்தில் ஏறத்தாழ 85 வீதம் கூகுள் தருவது என்று மொசில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தேடலில் கூகுளை முதல் தெரிவாக வைப்பதற்கான காசு அது. கூகுள் தேடலில் சட்டத்துக்கு மாறாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்தக் கொடுப்பனவையும் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்று மொசில்லா பதறியது. 2025 செப்டெம்பரில் நீதிபதி கொடுப்பனவுகளைத் தடை செய்யாமல் விட்டதால் தப்பியது. தான் ஒரு தரப்பாகவே இல்லாத வழக்கில் அதன் உயிர் ஊசலாடியது. தேடல் ஒப்பந்தம் பிழை என்று நான் சொல்லவில்லை. விவால்டி என்ற உலாவியும் அப்படித்தான் உழைக்கிறது, அதை வெளிப்படையாகவும் சொல்கிறது. ஒரே கையை நம்பி இருப்பதுதான் ஆபத்து.

சின்ன விசயத்திலும் கவனம் வேண்டும். 2020 இல் பிரேவ் உலாவியில் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால், உலாவி தன் தரகுக் குறியீட்டைத் தானாகவே அதோடு சேர்த்தது. விசயம் வெளியே வந்ததும் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். எவருடைய தரவும் களவு போகவில்லைத்தான். ஆனால் ஒருவர் தட்டியதை அவருக்குத் தெரியாமல் மாற்றினால் பிறகு எதை நம்புவது?

நல்ல வழிகளும் இருக்கின்றன. மொசில்லா குடும்பத்து மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டுக்கு 2022 இல் பாவிப்பவர்கள் கொடுத்த நன்கொடை 64 இலட்சம் டொலருக்கும் மேலே. மறைக்காமல் திரையிலேயே கேட்டார்கள், கொடுத்தார்கள். பயர்பொக்ஸுக்கு அப்படிக் கொடுக்க விரும்பினாலும் வழியில்லை. அறக்கட்டளைக்குப் போகும் நன்கொடை உலாவியைச் செய்யும் கம்பனிக்குப் போவதில்லை. 2024 இல் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிந்த லேடிபேர்ட் என்ற உலாவித் திட்டம், நன்கொடையில் மட்டுமே நடப்போம், தேடல் ஒப்பந்தமும் செய்யமாட்டோம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் சோகோ நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ‘உலா’ என்ற உலாவிக்குச் சோகோ விற்கும் மற்ற மென்பொருள்களின் வருமானம் பின்பலம். விளம்பரக்காரரிடம் கையேந்தத் தேவையில்லை. ஆனால் அப்படியொரு தாய் நிறுவனம் உங்களுக்கு இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வழி. மேசையில் பேப்பர் கிடக்கும், யாரும் வந்து வாசிக்கலாம். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. செலவை அங்கத்தவரின் சந்தாவும் வெளிநாட்டில் இருக்கும் ஊராக்களின் உதவியும் தாங்குகின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருப்பதும் தன்னார்வலர் உழைப்பாலும் நன்கொடையாலும்தான். எங்கள் சனம் காசு தராது என்று முடிவு கட்டாதே. நம்பினால் தரும்.

கணக்கையும் பார். மாதம் 300 ரூபா தர 3,000 பேர் சேர்ந்தால் 9 இலட்சம் ரூபா. அதில் மூன்று நான்கு பொடியளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். உலாவியின் இயந்திரத்தை நீங்களே செய்ய வெளிக்கிடாதீர்கள், அது நூற்றுக்கணக்கானவர்களின் வேலை. பிரேவ், விவால்டி, உலா எல்லாமே கூகுளின் குரோமியத்தின் மேல் கட்டியவை. நீங்களும் அப்படியே செய்து, பாதுகாப்புத் திருத்தம் வந்த உடனே போட்டு, மிச்ச உழைப்பைத் தமிழ்த் தட்டச்சு, சொற்பிழை திருத்தி, வாசித்துக் காட்டும் வசதி இவற்றில் போடுங்கள். உலாவி எல்லாருக்கும் இலவசமாக இருக்கட்டும். சாதனங்களுக்கு இடையே தரவை மறையாக்கி ஒத்திசைக்கும் வசதி போல, உங்களுக்கு மாதாமாதம் செலவு வைப்பதற்கு மட்டும் சந்தா வாங்குங்கள். தேடல் ஒப்பந்தம் கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் எந்த ஒருவருடைய காசும் மொத்த வருமானத்தின் காற்பங்கைத் தாண்ட விடாதீர்கள். அவர் நாளைக்கே விலகினாலும் சம்பளம் போட முடியவேண்டும்.

ஒரு வரி நிரல் எழுத முதல் இரண்டு பக்கம் எழுதுங்கள். யாரிடம் காசு வாங்குவோம், எதை ஒருபோதும் விற்கமாட்டோம், கம்பனி கைமாறினால் அந்த வாக்குறுதி என்னாகும். மூன்றாவதை மறந்துபோகாதே. ஓபராவின் உலாவி 2016 இல் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. விற்பவரின் நல்ல மனம் வாங்குபவரைக் கட்டாது, எழுத்தில் இருப்பதுதான் கட்டும்.

தைப்பொங்கலுக்கு வரும்போது அந்த இரண்டு பக்கத்தையும் கொண்டுவா. சரியாக இருந்தால் முதல் சந்தா என்னுடையது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிறவர்களிடமும் நானே போய்க் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா