தூங்கும் ராட்சதனின் ஊரில்

கானடா தேசத்துக்குப் போகிறவர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சிரமத்தைப் பாராமல் வடமேற்கே தண்டர் பே நகருக்கும் போய் வாருங்கள். சுபீரியர் ஏரிக்கரையில் நின்றால், எதிரே ஒரு ராட்சதன் மல்லாந்து படுத்துத் தூங்குவது தெரியும். பயப்படாதீர்கள், அது மலைதான்! பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் அவனை நானபிஜூ என்கிறார்கள். வெள்ளி கிடைக்கும் ரகசியம் வெள்ளையருக்குத் தெரிந்துபோகவே, அவன் கல்லாய்ச் சமைந்தானாம்.

இங்கேயும் சட்பரி நகரிலுமாக 2005-ல் ஒரு வைத்தியக் கல்லூரி தொடங்கினார்கள். முதல் வருஷ மாணவர் ஒவ்வொருவரும் நான்கு வாரம் பூர்வகுடிகளின் ஊரிலேயே போய்த் தங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நோயாளிகளைக் கவனிப்பதோடு, ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்பதும் பாடந்தான்!

வேடிக்கையைக் கேளுங்கள். புகையிலை பொல்லாதது என்று படித்த மாணவர், பெரியவரிடம் யோசனை கேட்கப் போகும்போது கையில் கொஞ்சம் புகையிலை கொண்டு போகிறார். பிடிப்பதற்கு அல்ல, மரியாதைக்கு. நாம் வெற்றிலை பாக்கு வைக்கவில்லையா, அப்படித்தான்.

"வைத்தியருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். அந்த நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. 1990-களில்தான் கடைசிப் பள்ளி மூடப்பட்டது. அந்தத் தலைமுறைப் பாட்டி ஆஸ்பத்திரியைக் கண்டு மிரண்டால், காரணம் தெரிந்த வைத்தியர்தானே அவள் கையைப் பிடித்துப் பேச முடியும்?

தெரியாததன் விலை பெரிது. 2020 செப்டம்பரில் க்யூபெக் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஜாய்ஸ் எஷாக்வான் என்னும் பூர்வகுடிப் பெண் வலியால் துடித்தாள். ஏழு குழந்தைகளின் தாய், வயது 37. பணியாளர்கள் அவளை ஏசியதை அவளுடைய தொலைபேசியே படம் பிடித்தது. அன்றே இறந்தாள். இனத் துவேஷமும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2021-ல் எழுதினார்.

தண்டர் பேக்கும் வடக்கே பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. விமானந்தான் போகும், ஏரிகள் உறைந்தால் பனிமேல் பாதை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண், பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே வீட்டை விட்டு, சூ லுக்அவுட் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருக்க நேர்கிறது. அம்மா பக்கத்தில் இல்லை. மூத்த குழந்தை எப்படி இருக்கிறதோ என்ற கவலை வேறு. பெண்களே, அந்தத் தவிப்பு உங்களுக்குத் தெரியாததா?

அந்த ஆஸ்பத்திரியில் அவள் பாஷை பேச மொழிபெயர்ப்பாளர் உண்டு. மூஸ் என்னும் பெரிய மானின் இறைச்சி, ஏரி மீன், காட்டரிசி என்று அவள் வீட்டுச் சாப்பாடும் சமைத்துத் தருகிறார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத இந்த மருந்தைத்தான் மாணவர்கள் அந்த நான்கு வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்!