எக்ஸ் என்பது எது?

எட்டாம் வகுப்பில் ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமன்பாடு வரும்போதுதான் பலருக்குக் கணக்கு கசக்க ஆரம்பிக்கிறது. சமன்பாட்டைக் கொடுத்தால் எல்லாரும் தீர்த்துவிடுவார்கள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடும். கணக்கு தெரியாமல் இல்லை, வாக்கியத்தை நிதானமாக வாசிப்பதில்லை என்பதுதான் என் கருத்து.

"7ஐ ஒரு எண்ணிலிருந்து கழித்தால் 12." இதில் 7 முதலில் வருவதால் 7 - எக்ஸ் என்று எழுதுபவர்கள் நிறைய. ஆனால் 'ஐ' ஒட்டியிருப்பதுதான் கழிக்க வேண்டிய எண். ஆகவே எக்ஸ் - 7 = 12, விடை 19. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த வேற்றுமை உருபு கணக்கு வகுப்பில் கைகொடுக்கிறது!

பெரியவர்கள் போடும் புறாக் கணக்கும் இப்படித்தான். கூட்டமாகப் பறந்த புறாக்கள் கீழே இருந்த ஒற்றைப் புறாவிடம் சொல்கின்றன: எங்களோடு இன்னும் எங்கள் அளவு, எங்களில் பாதி, அந்தப் பாதியில் பாதி, உன்னையும் சேர்த்தால் 100. கூட்டம்தான் எக்ஸ் என்று பிடித்துவிட்டால் இரண்டே முக்கால் எக்ஸ் = 99, எக்ஸ் = 36. சரிபார்க்க: 36 + 36 + 18 + 9 + 1 = 100.

இதெல்லாம் வாழ்க்கையில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கணக்கு ஒன்று. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போடுகிறார்கள். சேகோ மில்லில் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள்.

ஒருவருக்கு 10 டன் விளைந்தது, உழவிலிருந்து வெட்டுக்கூலி, லாரி வாடகை வரை செலவு 60,000 ரூபாய், கிழங்கு 25 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். கையில் 20,000 நிற்க வேண்டுமானால் டன்னுக்கு, பாயிண்டுக்கு என்ன விலை வேண்டும்? விலைதான் எக்ஸ். 10 × 25 × எக்ஸ் = 80,000. எக்ஸ் = 320.

ஆனால் விலையை மில்காரர் 300 என்று சொல்லிவிட்டால்? இப்போது பாயிண்டுதான் எக்ஸ். நஷ்டமில்லாமல் தப்பிக்க 10 × 300 × எக்ஸ் = 60,000. எக்ஸ் = 20. மழை பிடித்துப் பாயிண்ட் அதற்கும் கீழே இறங்கினால் வருஷ உழைப்போடு கைக்காசும் போகும்.

அதே வயல், அதே கிழங்கு. முதல் கேள்வி பேரம் பேசப் போகிறவருடையது, இரண்டாவது வெட்டலாமா, பொறுக்கலாமா என்று யோசிப்பவருடையது. கேள்வி மாறினால் எக்ஸும் மாறுகிறது. அதனால் வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் கூட்டக் கழிக்க ஓட வேண்டாம். முதல் வரியில் "எக்ஸ் என்பது இது" என்று தமிழில் எழுதுங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.