எல்லோருக்குமான வீதி

யாழ்ப்பாண நகரைச் சுற்றிப் பார்க்க வாகனம் தேவையில்லை. பஸ் நிலையத்தில் இறங்கினால் எல்லாம் நடைதூரமே. அருகிலுள்ள சந்தையில் பனங்கட்டி, புளுக்கொடியல், ஓலைப்பெட்டி எல்லாம் வாங்கலாம். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள். பசித்தால் மலாயன் கபேயில் வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு. பின்னர் மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது அது. அப்பால், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த பொது நூலகம். கோட்டைப் பக்கம் போனால் மாலையில் கடற்காற்று வாங்கலாம்.

சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையுடன் வரிசையில் நின்ற எமக்கு, இவ்வீதிகளில் அச்சமின்றி நடப்பதன் பெறுமதி தெரியும். அதே உரிமையைக் கேட்டு, 2022 ஜூனில் திருநங்கையரும் தன்பாலீர்ப்பினரும் வானவில் கொடிகளுடன் இந்நகரில் ஊர்வலம் சென்றார்கள். அவர்களும் எம் வீட்டுப் பிள்ளைகளே.

திருநங்கையர், திருநம்பியர் தமது பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழை 2016 முதல் பெற முடிகிறது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் திருத்தம் செய்யலாம். தன்பாலுறவைக் குற்றமாக்கும் ஆங்கிலேயர் காலச் சட்டத்தை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அச்சட்டம் இன்னும் நீங்கவில்லை.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் கையில். பார்வையை மாற்றுவது எம் கையில். கணவரை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனம் பார்க்கும் சமூகம் எமது. அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்பதை எம்மில் பலர் அறிவோம். ஆகவே தோழியரே, வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரு திருநங்கை வந்து நின்றால், சற்று நகர்ந்து இடம் கொடுப்போம்.