பீரோ சாவியும் நெட் டப்பாவும்

ரவுட்டரை ரவுட்டர்னு பேர் சொல்லிக் கூப்பிடற வீட்டை நான் இன்னும் பார்க்கலை. எங்க அம்மாவுக்கு அது "வைஃபை". அப்பாவுக்கு இன்னமும் "மோடம்". எதிர் ஃபிளாட் ஆன்ட்டிக்கு "அந்த லைட்டு எரியிற டப்பா". தமிழ்ல "திசைவி"ன்னு அழகா ஒரு கலைச்சொல் இருக்கு மக்களே. ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "அண்ணே, ஒரு திசைவி குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, திசைகாட்டி விக்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்பிடுவாங்க :-)

இந்த டப்பாவைப் பத்தி உருப்படியா ஒண்ணு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. அதுவும் வைஃபையே இல்லாம, வெறும் ஒயர் மட்டும் சொருகுற ரவுட்டரைப் பத்தி. "இந்தக் காலத்துல போய் ஒயரா?"ன்னு சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சிரிங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. 2004-ல வந்த பிராட்பேண்ட் கொள்கைப்படி, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். 2005 ஜனவரியில பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் ஆரம்பிச்சப்போ நான் அரை டிரவுசர் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன். 2013-ல அந்தக் கீழ்வரம்பு 512 கிலோபிட் ஆச்சு, 2023-ல 2 மெகாபிட் ஆச்சு. இப்போ மயிலாப்பூர் சந்துக்குள்ள இருக்கற வீட்டுக்கும் ஃபைபர் வந்து, 100 மெகாபிட் எல்லாம் சாதாரணம். எல்லாம் மாறிடுச்சு, ஒண்ணே ஒண்ணைத் தவிர. கனெக்‌ஷன் குடுக்க வந்த பையன் ஒரு டப்பாவைச் சுவத்துல மாட்டி, "சார், நெட் வருது பாருங்க"ன்னு காட்டிட்டுப் போவான். அதுக்கப்புறம் அந்த டப்பாவை யாரும் தொடமாட்டோம். லைட் சிவப்பாச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அவ்வளவுதான் நமக்கும் அதுக்கும் உள்ள உறவு.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த டப்பா என்னதான் பண்ணுது?

அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைச்சுக்கோங்க. வெளியுலகத்துக்குத் தெரியறது கட்டடத்தோட ஒரே ஒரு கதவு எண். உள்ள பன்னிரண்டு வீடு. யார் வீட்டுலேர்ந்து ஆர்டர் போச்சுன்னு வாட்ச்மேன் நோட்டுல எழுதி வெச்சுக்குவார். கூரியர் வந்ததும் நோட்டைப் பார்த்து சரியான வீட்டுக்கு அனுப்புவார். யாருமே ஆர்டர் பண்ணாத பார்சல் வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவார். உள்ள இருக்கற நம்ம கம்ப்யூட்டர், போன் எல்லாத்துக்கும் 192.168-னு ஆரம்பிக்கிற உள்ளூர் எண். வெளியில எல்லாருக்கும் சேர்த்து ஒரே எண். பழைய ஐபி முறையில உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி எண்தான் இருக்கு, ஆசியாவுக்கான கையிருப்பு 2011-லயே கடைசிக்கு வந்துடுச்சு. அதனாலதான் இந்தச் சிக்கனம். ஆக, வெளியிலேர்ந்து வர்ற எல்லாமும் அந்த டப்பாவைத் தாண்டித்தான் உள்ள வரணும்.

இப்போ அந்த வாட்ச்மேனுக்கே யார் வேணும்னாலும் உத்தரவு போடலாம்னா?

அப்படி நடந்திருக்கு. 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் வந்தது. கேமரா, ரவுட்டர் எல்லாத்துலயும் கம்பெனி போட்டு அனுப்புற பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தை ஒரு லிஸ்ட்டா வெச்சுக்கிட்டு, உலகம் பூரா கதவைத் தட்டிப் பார்த்தது. "அட்மின், அட்மின்"னு அடிச்சா திறக்கிற கதவு லட்சக்கணக்குல இருந்தது. அந்த டப்பாக்களை வெச்சே 2016 அக்டோபர் 21 அன்னிக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி பெரிய தலைகளையே சில மணி நேரம் முடக்கிட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலையில நம்ம நாட்டுலயே பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களோட மோடம்கள்ல வைரஸ் புகுந்து, கர்நாடகா பக்கம் ஆயிரக்கணக்குல நெட் செத்துப் போச்சு. "ஆரம்பத்துல வந்த பாஸ்வேர்டை தயவுசெஞ்சு மாத்துங்க"ன்னு பிஎஸ்என்எல் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாச்சு. ரெண்டு தடவையும் நுழைய வழி குடுத்தது மாத்தாத பாஸ்வேர்டுதான்.

இதெல்லாம் எனக்கு ஆபீஸ்ல பொட்டி தட்டும்போதே தெரியும். ஆனா மனசுல தைச்சது எங்க பெரியப்பா ஆபீஸ்லதான்.

பெரியப்பாவுக்கு மந்தைவெளியில சின்னதா ஒரு ஆபீஸ். வரிக் கணக்கு எழுதுற தொழில், முப்பது வருஷமா. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், டைப்பிங் பாக்குற ஒரு அக்கா, வெளி வேலைக்கு ஒரு தம்பி. மூலையில பச்சை கலர் இரும்பு பீரோ. அதோட சாவி எப்பவும் பெரியப்பா இடுப்புலதான். பெரியம்மா கேட்டாக்கூட தர மாட்டார். "நாலு பேர் நம்மளை நம்பி காகிதம் குடுத்திருக்கான்டா"ன்னு சொல்லுவார்.

ஆனா காகிதம் எல்லாம் பீரோவை விட்டு வெளியே வந்து வருஷக்கணக்காச்சு. ஃபார்ம் 16, பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல ஒரே ஃபோல்டர்ல இருக்கு. நாலு பேரும் எடுக்கறதுக்கு வசதியா பொதுவா திறந்து வெச்சிருக்காங்க. டேலியும் அதே கம்ப்யூட்டர்லதான்.

வைஃபை பாஸ்வேர்டு? அது சுவத்துல ஒட்டியிருந்தது! காத்திருக்கற கிளையன்ட், டீ கொண்டு வர்ற பையன், கீழ இருக்கற ஜெராக்ஸ் கடை, மாடி டியூஷன் பசங்க... எல்லாருக்கும் தெரியும்.

"பெரியப்பா, இது ரிஸ்க்"ன்னேன்.

"வர்றவனுக்குத் தண்ணி குடுக்கறதில்லையா? அது மாதிரிதான்டா. வைஃபை தர மாட்டேன்னு எப்படிச் சொல்றது, முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்"னார்.

எனக்கு அந்த பதில் பிடிச்சிருந்தது, நிஜமாவே. ஆனா விட முடியலை. என் போனை எடுத்து, சுவத்துல இருந்த பாஸ்வேர்டைப் போட்டு, ஃபைல் மேனேஜர்ல நெட்வொர்க்கைத் திறந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் பேர் வந்தது. தொட்டேன். ஃபோல்டர் திறந்தது. ஒரு கிளையன்ட்டோட பான் கார்டு போன் திரை முழுக்க வந்து நின்னுச்சு. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகலை. போனை அவர் முன்னாடி வெச்சேன்.

பெரியப்பா ஒண்ணும் பேசலை. கை மட்டும் தானா இடுப்புச் சாவிக்குப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "மேல டியூஷன் பசங்களும் இதைப் பார்க்கலாமா?"ன்னு மட்டும் கேட்டார். "பார்க்கலாம் பெரியப்பா"ன்னேன். "என்ன பண்ணணுமோ பண்ணு"ன்னுட்டார்.

அடுத்த சனிக்கிழமை வேலை ஆரம்பிச்சோம். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒயர்டு ரவுட்டர் ஒண்ணு, எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு, ஒரு கட்டு கேட் 6 கேபிள், வெளியாட்களுக்குன்னு தனியா ஒரு சின்ன வைஃபை டப்பா. ஒயர்டு ரவுட்டர்ல டிபி-லிங்க் ஈஆர்605, லாட்வியா நாட்டு மைக்ரோடிக் ஹெக்ஸ் மாதிரி நிறைய இருக்கு. ரெண்டுலயும் அஞ்சு போர்ட், ஆன்டெனாவே கிடையாது. இதையெல்லாம் கம்பெனிக்காரங்க "ஸ்மால் ஆபீஸ், ஹோம் ஆபீஸ்"ங்கறதைச் சுருக்கி சோஹோ ரகம்னு சொல்லுவாங்க. (நம்ம சென்னை ஸோஹோ கம்பெனி பேரே அந்தச் சுருக்கத்துலேர்ந்து வந்ததுதான்!)

ஏன் ஒயர்? முதல் காரணம் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் மூணுதான், 1, 6, 11. அந்த ஆபீஸ்ல நின்னு தேடினா இருபது வீட்டு வைஃபை தெரியுது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல நடக்கற மாதிரிதான், எவ்வளவு வேகமா நடக்கத் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை. ஒயர் அப்படி இல்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிப் பாதை. கேட் 6-ல 100 மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட் போகும். ரெண்டாவது காரணம், ஒயர்ல சேரணும்னா ஆள் ஆபீஸுக்குள்ள வந்து நின்னு சொருகணும். மாடியில உக்காந்துகிட்டு முடியாது.

கேபிள் முனையில கிளிப் அடிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. கலர் வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. எட்டுல நாலு கம்பி மட்டும் சரியா இருந்தாலும் 100 மெகாபிட் ஓடும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். "நெட் வருது, ஆனா என்னமோ ஸ்லோ"ன்னா முதல்ல கிளிப்பைச் சந்தேகப்படுங்க.

நெட் கம்பெனி குடுத்த டப்பாவுல வைஃபையை அணைச்சுட்டு, அங்கேர்ந்து ஒரு ஒயர் புது ரவுட்டருக்கு. ரவுட்டருக்குப் பின்னாடி ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலும் பிரிண்டரும் ஒரு நெட்வொர்க். வெளியாள் வைஃபை தனி நெட்வொர்க். இதுலேர்ந்து இன்டர்நெட்டுக்குப் போகலாம், ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. சுவத்துல புது பாஸ்வேர்டு ஒட்டியாச்சு. வர்றவனுக்குத் தண்ணியும் உண்டு, பீரோவும் பூட்டியிருக்கு. பெரியப்பாவுக்கு இதுதான் ரொம்ப நிம்மதி. அந்தப் பொது ஃபோல்டருக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டோம்.

இன்னொரு காரியமும் செஞ்சோம். இந்த ரவுட்டர்ல ரெண்டு கம்பெனி நெட்டைச் சொருகலாம். ஒண்ணு செத்தா இன்னொண்ணுக்குத் தானா மாறிக்கும். வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க, ரெண்டு கம்பெனியா இருந்தா மட்டும் போதாது. ரெண்டு ஃபைபரும் ஒரே மரத்துல, ஒரே கம்பத்துல தொங்கி வந்தா ஒரு கிளை முறிஞ்சா ரெண்டும் போகும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில மரத்தோட சேர்ந்து எவ்வளவு கேபிள் விழுந்ததுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். அதனால ரெண்டாவது கம்பெனியை வேற தெரு வழியா வர்ற ஆளாப் பார்த்துப் போட்டோம்.

மாசம் 20-ஆம் தேதின்னா பெரியப்பா ஆபீஸ்ல ஜிஎஸ்டி திருவிழா. முன்னெல்லாம் அன்னிக்கு நெட் போச்சுன்னா, அக்கா போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போட்டு, நாலு பேரும் அதைச் சுத்தி உக்காந்துகிட்டு... அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நான் பார்த்திருக்கேன். புது ரவுட்டர் போட்ட அடுத்த மாசம் 20-ஆம் தேதி சாயங்காலம் போன் பண்ணினேன். "இன்னிக்கு நெட் எப்படி?" "ஒரு பிரச்சினையும் இல்லை, நடுவுல பேங்க் சைட் மட்டும் ஒரு தடவை திரும்ப லாகின் கேட்டுச்சு"ன்னார். ராத்திரி போய் ரவுட்டர் லாக்கைப் பார்த்தா, முதல் லைன் மத்தியானம் ரெண்டரை மணி நேரம் செத்துக் கிடந்திருக்கு. தெருமுனையில யாரோ பள்ளம் தோண்டியிருக்காங்க. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியலை!

இதெல்லாம் பெரிய வேலை, எங்களுக்கு வேண்டாம்னு நினைக்கிறவங்க, புது ரவுட்டர் கூட வாங்க வேண்டாம், இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பண்ணுங்க. டப்பாவோட அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க (வைஃபை பாஸ்வேர்டு வேற, இது வேற). வெளியிலேர்ந்து டப்பாவுக்குள்ள நுழையற ரிமோட் வசதி திறந்திருந்தா மூடுங்க. "கெஸ்ட்"னு ஒரு வைஃபை இருந்தா விருந்தாளிக்கு அதைக் குடுங்க. நகராத சாமான், அதாவது டிவி, மேஜைக் கம்ப்யூட்டர், முடிஞ்சா ஒயர்ல போடுங்க. ஃபைபர் டப்பாவுல "எல்ஓஎஸ்" லைட் சிவப்பா மின்னினா கோளாறு வெளியில ஃபைபர்லதான், நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் நடக்காது, நேரா கம்ப்ளெயின்ட் குடுங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாம் முடிஞ்சு, ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதி பெரியப்பாகிட்ட குடுத்தேன். மடிச்சு பீரோவுல வெச்சுப் பூட்டினார். சாவியை இடுப்புல சொருகிட்டு, "இது வேற யாருக்குத் தெரியும்?"னு கேட்டார்.

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் பெரியப்பா."

"உனக்கு எதுக்கு?"

சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கலை. பக்கத்துல உக்கார வெச்சு, 192.168.1.1-னு எங்க அடிக்கணும், எந்தப் பக்கத்துல மாத்தணும்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டார். அப்புறம் என்னைத் திரும்பி உக்காரச் சொல்லிட்டு, ஒத்தை விரல்ல ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி, புது பாஸ்வேர்டைப் போட்டார்.

இப்போ அந்த ரவுட்டருக்குள்ள என்னால போக முடியாது. மந்தைவெளி பக்கம் போனா எனக்கும் சுவத்துல ஒட்டின வைஃபைதான் :-)