சைக்கிளை வேனில் கட்டும் முன் பாம்பன் காற்றை நினைச்சுக்கோங்க!

பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு ஒரே ஆசை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபக்கமும் கடலைப் பார்த்தபடி அப்பாவோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி முனை வரைக்கும் தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017-ல்தான். வீடு ராமநாதபுரத்தில். ராமேஸ்வரமே சுமார் 55 கிலோமீட்டர். இருப்பது பழைய ஆம்னி வேன். இரண்டு சைக்கிளை எங்கே மாட்டுவது?

"மேலே கேரியர்ல நிறுத்திக் கட்டிடலாம்" என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்தார். "அண்ணே, பாம்பன் காத்தை மறந்துட்டீங்களே!"

நியாயமான பேச்சு. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 1988-ல் திறந்த சாலைப் பாலமும் அதே கடலுக்கு மேல்தான், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கூரையில் நிற்கும் சைக்கிளோ வேனின் உயரத்தை ஒரு மீட்டர் கூட்டிவிடும்.

அதனால் பின்கதவில் வார் போட்டு மாட்டும் ஸ்டாண்டை வாங்கினார்கள். அங்கே வேனே காற்றை மறைத்துக்கொள்ளும். ஆனால், அதிலும் ஒரு சிக்கல். ஆம்னியின் அகலம் 1.41 மீட்டர், பெரிய சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர். குறுக்கே மாட்டினால் இரண்டு பக்கமும் சக்கரம் துருத்தும். பக்கத்தில் போகும் பைக்காரருக்கு ஆபத்து. வண்டியின் பக்கவாட்டுக்கு வெளியே சுமை நீட்டிக்கொண்டிருந்தால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய்!

தீர்வு எளிது. முன்சக்கரங்களைக் கழற்றி வேனுக்குள் வைத்தார்கள். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டினார்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையாதபடி ஸ்டாண்டை உயர்த்தினார்கள். கொக்கிகளைக் கண்ணாடியில் மாட்டாமல் கதவின் இரும்பு விளிம்பில் மாட்டி, அடியில் ரப்பர் துண்டு வைத்தார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று சீக்கிரம் துருவைக் கொண்டுவந்துவிடுமே!

நீங்களும் கிளம்புகிறீர்களா? ஸ்டாண்டில் போட்டிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். பழைய மாடல் சைக்கிள் ஒன்றே 20 கிலோ வரும். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை, பாலம் ஏறும் முன் இன்னொரு முறை வாரை இழுத்துப் பாருங்கள். வீடு திரும்பியதும் ஸ்டாண்டையும் சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட மறக்காதீர்கள்.