அப்பப்பாவுக்குக் கேட்காத சத்தம்

அப்பப்பாவிடம் இருப்பது ஒஸ்ரின் ஏ40 கேம்பிரிட்ஜ். எங்கட அப்பா பிறக்க முதலே யாழ்ப்பாணத்து றோட்டுகளில் ஓடத் தொடங்கின கார். கலியாணவீடு, ஆசுபத்திரி, கோயில் என்று ஹயர் ஓடித்தான் அவர் நாலு பிள்ளைகளை வளர்த்தார். இப்போது ஹயர் பெரிதாக இல்லை. ஆனாலும் அயலில் இரண்டு மூன்று வயதான ஆக்கள் மாதாமாதம் கிளினிக்குக்குப் போக இவரைத்தான் கேட்பார்கள். ஓட்டோவில் ஏறி இறங்க அவர்களுக்கு ஏலாது.

போன ஆவணியில் பருத்தித்துறைக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். காருக்குள் ஆறு பேர். வல்லை வெளியில் எதிர்காற்று. நாலாம் கியரில் அப்பப்பா அக்சிலேற்றரை மிதிக்க, முன்னுக்கிருந்து ஒரு சத்தம். பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினமாதிரி, கிணுகிணு என்று. காலை எடுத்தால் நின்றுவிடும். திரும்ப மிதித்தால் திரும்ப வரும். நாங்கள் அக்கா தங்கச்சி இரண்டு பேரும் பின் சீற்றில் இருந்து ஒருவரையொருவர் பார்த்தோம்.

“அப்பப்பா, என்னவோ அடிக்குது.”

“என்ன அடிக்குது? ஒண்டும் கேக்கேல்லையே.”

அடுத்த கிழமை அவரைக் கரைச்சல்படுத்தி ஒரு கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நிற்பாட்டி வைத்து இரண்டுதரம் இரைய வைத்துப் பார்த்துவிட்டு, பெயரிங் போயிட்டுது, இஞ்சினை இறக்கவேணும் என்றார்கள். சொன்ன தொகை எங்கள் இரண்டு பேரின் ஒரு வருட மகாபொலக் காசையும் தாண்டும். கேள்வி கேட்டது நாங்கள். மறுமொழி எல்லாம் பக்கத்தில் சும்மா நின்ற மச்சானுக்குப் போனது. அவனுக்குக் காரில் ஹோர்ன் அடிக்க மட்டும்தான் தெரியும். இரவு கனடாவிலிருந்து சித்தப்பா எடுத்தார். “கண்ணும் தெரியேல்லை, காதும் கேக்கேல்லை. வித்துப்போடுங்கோ.” அப்பப்பா போனை எங்களிடம் தந்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு விஷயம் பொருந்தவில்லை. பெயரிங் தேய்ந்தால் வருவது கனத்த சத்தம், உலக்கை போடுகிறமாதிரி. அந்தத் தடித்த சத்தம் அப்பப்பாவுக்கு இன்னும் கேட்கும். பக்கத்து வீட்டு மா இடிப்பு அவருக்கு நன்றாகக் கேட்கிறது. வயது போகும்போது முதலில் கேட்காமல் போவது கீச்சுக் குரல்களும் மணிச்சத்தமும்தான். அவருக்கு இது கேட்கவில்லை என்பதே அது பெயரிங் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. கலைப்பீடத்தில் சாட்சியத்தைச் சந்தேகிக்கத்தான் படித்திருக்கிறோம். அது இங்கே உதவியது.

பிறகு வாசித்தோம், அவரிடமும் கேட்டோம். சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை, பிளக்கின் பொறியில் பற்றி ஒரு பக்கமிருந்து மற்றப் பக்கத்துக்கு எரிந்துகொண்டு போகவேண்டும். எரியாமல் மிச்சம் இருக்கிற மூலை சூட்டிலும் நெருக்கத்திலும் தன்பாட்டில் வெடித்தால், அந்த அதிர்வு இரும்பில் மணிமாதிரி அடிக்கும். பொறி வரவேண்டிய நேரத்துக்கு முந்தினால் இது நடக்கும். ஊஞ்சல் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கைதான் நோகும், அதுமாதிரி. ஒக்டேன் குறைந்த எரிபொருள் என்றாலும் நடக்கும்.

இதை அப்பப்பாவுக்கு நாங்கள் விளங்கப்படுத்த வெளிக்கிட்டது பெரிய பகிடி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கிறது. ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு, அடிக்காமல் என்ன செய்யும்? அவர் டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பொறியைப் பிந்த வைத்து, காதால் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தத்தை அடக்கியிருக்கிறார். எங்கட தெருவில் இந்தச் சத்தத்தை அவரைவிட அறிந்த ஆள் இல்லை.

முதலில் 92க்குப் பதிலாக 95 ஒக்டேன் அடித்து அதே வல்லை வெளியில் ஓடிப் பார்த்தோம். சத்தம் பாதிக்குமேல் குறைந்தது. பெயரிங் தேய்ந்திருந்தால் பெற்றோலை மாற்றி என்ன பலன்? ஆனால் இவ்வளவு பழைய, கொம்பிரஷன் குறைந்த இஞ்சினுக்கு 92 தாராளம். வேறு எதுவோ மாறியிருக்கவேண்டும்.

“கடைசியா இஞ்சினில என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை. ஆடியில பொயின்ற் மாத்தினனான்.”

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினோம். பொயின்ற் விரிகிற இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேண்டும். பீலர் கேஜின் 15 தகட்டை விட்டால் தொளதொள என்று ஆடியது. 20 விட்டோம், அதுவும் ஆடியது. 25 இறுக்கமாகப் போனது.

25 என்பது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி. மாலை வெளிச்சத்தில் தகட்டில் இருந்த இலக்கம் அவருக்குத் தெரியவில்லை. பிளக்கின் தகட்டைப் பொயின்றுக்கு வைத்திருக்கிறார். இடைவெளி கூடினால் பொயின்ற் முந்தித் திறக்கும், பொறியும் முந்தி விழும். ரைமிங்கையும் அவர் பிறகு பார்க்கவில்லை.

இதை எப்படிச் சொல்லுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டு நின்றோம். சித்தப்பா சொன்னதுக்கு நாங்களே சாட்சி சொன்னதுமாதிரி ஆகிவிடும். அப்பப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். கேஜை வாங்கினார். விரலால் தகட்டைத் தடவிப் பார்த்தார், இரண்டுதரம்.

“ஆர் வைச்சது, நான்தானே.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “15ஐ எடு பிள்ளை. நீங்களே வையுங்கோ, நான் பாக்கிறன்” என்றார். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். பொயின்றை வைத்து முடித்ததும் ஒரு சின்ன பல்பை வயரில் கட்டி, இஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னார். பொயின்ற் திறக்கிற கணத்தில் பல்ப் பத்தும். அந்தக் கணத்தில் புலியில் இருக்கிற அடையாளம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். எங்களுக்கு மூன்றாவது தரம்தான் பிடிபட்டது.

பின்னேரம் 92 அடித்துக்கொண்டு வல்லை வெளிக்குப் போனோம். ஆறு பேர் இல்லை, அதனால் இரண்டு சீமெந்துப் பைக்கற்றைப் பின்னுக்கு ஏற்றினோம். அவர் நாலாம் கியரில் மிதித்தார்.

“இப்ப கேக்குதோ?”

முதலில் இல்லை. பாலத்துக்குக் கிட்ட ஒருக்கா, மெல்லியதாக, கிணுக் என்றது. மறைக்கலாமோ என்று ஒரு கணம் இருந்தது.

“ஒருக்கா கேட்டது, அப்பப்பா.”

காரை ஓரம் கட்டினார். டிஸ்ரிபியூட்டரில் ‘ஏ’, ‘ஆர்’ என்று இரண்டு எழுத்தோடு ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ‘ஏ’ பக்கம் முந்தும், ‘ஆர்’ பக்கம் பிந்தும். பொனற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆர் பக்கம் நாலு கிளிக்” என்றார். காற்றில் எங்கள் தலைமயிர் கண்ணுக்குள் விழுந்தது. நாங்கள் எண்ணித் திருகினோம்.