வெள்ளையடிப்பதற்கு முன்

செவிலிமேடு, திங்கள்

சமையலறையில் தீப்பிடித்து அணைந்த வீட்டுக்குக் கொத்தனார் வருவதற்கு முன்பே வெள்ளையடிப்பவர் வந்துவிடுகிறார். கரி படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் பொறுப்பதில்லை. அடுப்பெரியாத வீடு என்ற பேச்சும் வந்துவிடக் கூடாது. அந்த மனநிலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்த அவசர வெள்ளைதான் வீட்டுக்கு நாமே செய்யும் முதல் கெடுதல். புகைக்கரியை அழுக்கு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தீ எங்கே தொடங்கியது, சூடு எந்த உயரத்தில் தங்கியது, எந்த மூலையில் நெடுநேரம் நின்றது என்று சுவர் எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. படிக்காமல் மூடிவிட்டால், கூரைக்கு என்ன ஆயிற்று என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்த இந்த ஊர்ப் பக்கத்தில் பழைய கட்டடமும் புதுக் கான்கிரீட்டும் அருகருகே நிற்கின்றன. பழைய வீட்டின் தேக்குக் கட்டை ஒளிவுமறைவு அறியாதது. மேலே பிடித்த கரியே உள்மரத்துக்குக் காப்பாகிவிடும். சுரண்டினால் எவ்வளவு மரம் மிச்சம் என்று கண்ணுக்கே தெரியும். கான்கிரீட் அப்படியல்ல. 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சில வகை ஜல்லி இளஞ்சிவப்பாக மாறும்; எல்லா ஜல்லியும் மாறாது. 400 டிகிரியைத் தாண்டினால், சிமெண்டுக்குள் இருக்கும் நீறிய சுண்ணாம்பு தன் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். ஆறிய கூரை நன்றாகவே தோன்றும். வாரங்கள் கழித்து ஈரம் இறங்கும்போதுதான் அது மறுபடி நீறத் தொடங்கும். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்தால் எப்படிப் பொங்கி மலரும் என்று பார்த்தவர்களுக்கு அந்த விசை தெரியும். அதே காரியம் கூரைக்குள் நடந்தால் விரிசல் விடும், காரை பெயரும். புது வெள்ளை அந்த விரிசலின் தொடக்கத்தை மறைத்துவிடும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சில நிமிடங்களில் அணைக்கப்பட்ட அடுப்புத் தீ பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிடும். கான்கிரீட் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். கம்பியை மூடியிருக்கும் 20 மில்லிமீட்டர் கனம் அந்த நேரத்துக்குப் போதும். ஆகவே, பார்க்காமல் இடிப்பதும் பார்க்காமல் பூசுவதும் ஒரே தவறுதான்.

புதன்

தறி ஓடும் வீட்டில் இந்த நிதானம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. வயரின் பிவிசி உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரக்காற்றில் அது அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழைக்குப் பொன்முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. புகை படிந்த அறையை ஒட்டி அதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. பட்டும் புகை நாற்றத்தை எளிதில் விடாது. ஆகவே சுத்தம் உடனே வேண்டும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுத்தம் செய்வது வேறு, பூசுவது வேறு. முதலில் நான்கு சுவரையும் கூரையையும் போட்டோ எடுக்க வேண்டும். பாவையும் ஜரிகையையும் அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்ட வேண்டும். சோப்புத் தண்ணீர் அதற்குப் பிறகுதான். எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டால் எண்ணெய்க் கரி பூச்சுக்குள் தேய்ந்து இறங்கிவிடும்; எத்தனை கை வெள்ளையடித்தாலும் ஐப்பசி ஈரத்தில் கறையும் வாடையும் திரும்பி வரும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இதற்கும் அவசரம்தான் எதிரி. பதிவு செய்த இணைப்புள்ள வீட்டில் சமையல் எரிவாயுவே விபத்துக்கு முதற்காரணம் என்றால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கோரலாம். வீட்டுக்காரர் தனியாகப் பிரீமியம் கட்டத் தேவையில்லை. கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சேதத்தை மதிப்பிட வருகிறவர் புது வெள்ளையைப் பார்த்து எதை எழுதுவார்?

வெள்ளி

வயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வயரின் சாதாரண உறை 70 டிகிரிக்கு ஏற்றது. கூரையடியில் தேங்கும் புகையின் சூடு அதைப்போல் பல மடங்கு. பல்பு எரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. குழாய்க்குள் உறை உருகி ஒட்டியிருந்தாலும் மின்சாரம் ஓடும். எலக்ட்ரீஷியன் மெக்கர் வைத்துச் சோதிக்கும்வரை அந்த அறைக்கான மெயினை இறக்கியே வைக்க வேண்டும்.

கூரையைத் தட்டிப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிவந்தால் நல்ல இடம் கணீரென்னும், உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்னும். பொத்தென்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். அதுவரை பின்கட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கலாம். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே இடங்களை மறுபடி தட்ட வேண்டும். வட்டங்கள் பெரிதாகவில்லை என்றால் பூச்சு வேலைக்கு ஆள் சொல்லி, பால் காய்ச்ச நாள் பார்க்கலாம்.